தாளிப்பு மட்டும் அன்றன்றைக்கு

"எப்ப வச்சதுடா இது?"

எங்கள் வீட்டில் எந்தப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தாலும் அம்மா முதலில் கேட்கும் கேள்வி இது. லால்குடிப் பக்கத்துக் கிராமத்தில் நாற்பது வருஷம் விறகடுப்பில் சமைத்தவர். காலையில் வைத்த குழம்பு ராத்திரி வரைக்கும். மிஞ்சினால் சுண்டவைத்து மறுநாள் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள. அதற்கு மேல் ஒரு பொழுது தள்ளினாலும் அது அவருக்குச் சாப்பாட்டுக் கணக்கில் சேராது. அந்த அம்மா இருக்கும் வீட்டில்தான் நாலு வருஷமாக ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு மொத்தமாகச் சமைத்து ஃப்ரீசரில் அடுக்கிவருகிறேன்.

வேறு வழி இருக்கவில்லை. என் மனைவி நர்ஸ். 2021-ல் கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு அவளுக்கு ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட் என்று ட்யூட்டி மாறிமாறி வந்தது. நான் சென்னை கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மடிப்பாக்கம் வீட்டுக்கு வந்துசேர ஏழரை ஆகிவிடும். மகன் அப்போது ஏழாம் வகுப்பு, மகள் ஒன்றாம் வகுப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி. அரை மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நிற்க முடியாது. அந்த ஜூலையில் கடையில் வாங்கிச் சாப்பிட்டதற்குக் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு மாத மளிகைச் செலவைத் தாண்டியிருந்தது. பணம்கூடப் பரவாயில்லை. நைட் ட்யூட்டி முடிந்து காலை எட்டரைக்கு வீடு திரும்பியவள், முந்தின நாள் வாங்கி மிஞ்சியிருந்த பரோட்டாவைப் பிய்த்துத் தின்றபடி டைனிங் டேபிளிலேயே தூங்கிப்போயிருந்தாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை.

முதல் முயற்சி முழுத் தோல்வி. வெளிநாட்டுக் குடும்பங்கள் ஒரே நாளில் முப்பது வேளைக்குச் சமைத்து அடுக்குவதை வீடியோக்களில் பார்த்துவிட்டு, நானும் ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தேன். உருளைக்கிழங்கு குருமா, முருங்கைக்காய் சாம்பார், அவியல், முட்டைக் குழம்பு, தேங்காய்ப்பால் சொதி. முடிக்கும்போது ராத்திரி ஒன்பது. புதன்கிழமை குருமாவை எடுத்துச் சூடாக்கினால், உருளைக்கிழங்கு ஈர மணல் மாதிரி வாயில் உதிர்ந்தது. தேங்காய் விழுது ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாகத் திரிந்து நின்றது. முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகியிருந்தது. சாம்பாரில் முருங்கைக்காயின் சக்கை மட்டும் மிஞ்ச, சதை எங்கேயோ கரைந்துபோயிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய், நாலு மிளகைத் தட்டிப் போட்டு ரசம் வைத்தார். அன்றைக்கு எல்லோரும் ரசம் சோறு சாப்பிட்டோம்.

எதனால் இப்படி ஆனது என்று தேடிப் படித்தேன். காய்கறியில் பெரும்பகுதி தண்ணீர். வீட்டு ஃப்ரீசரில் அது மெதுவாக உறைகிறது. மெதுவாக உறையும்போது பனிக்கட்டித் துகள்கள் பெரிது பெரிதாக வளர்ந்து காயின் செல் சுவர்களைக் கிழித்துவிடுகின்றன. உருகும்போது கிழிந்த இடங்களின் வழியே தண்ணீர் வெளியேறிவிட, காய் தொளதொளத்துப் போகிறது. வேகமாக உறைந்தால் துகள்கள் பொடியாக இருக்கும், சேதமும் குறைவு. இதை வியாபாரமாக மாற்றியவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர். 1910-களில் கனடாவின் லாப்ரடார் பகுதியில் இருந்தபோது, அங்குள்ள இன்யூட் மக்கள் பிடித்துப் போடும் மீன் அந்தக் கடுங்குளிரில் கணத்தில் விறைத்துப்போவதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் புது மீன் மாதிரியே ருசிப்பதையும் கவனித்தார். அதே வேகத்தில் உறையவைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். 1930-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரக் கடைகளில் அவருடைய உறைந்த உணவுகள் விற்பனைக்கு வந்தன. என் வீட்டு 260 லிட்டர் ஃப்ரிட்ஜுக்கு அந்த வேகம் வராது. ஆனால் மெல்லிசாகப் பரப்பி வைத்தால் எதுவும் சீக்கிரம் உறையும் என்பதை அந்தக் கதையிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

அதைவிட முக்கியமான ஒன்றை என் சமையலறையிலேயே கற்றேன். அடுத்த வாரம் ஒரு நாள் சாம்பாரும் பொரியலும் வைக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். பருப்பு வேக, குக்கர் ஆவி அடங்க 25 நிமிஷம். புளியை ஊறவைத்துக் கரைத்து வடிகட்ட 10. வெங்காயம் உரித்து நறுக்க 12. தேங்காய் உடைத்துத் துருவ 8. மிக்ஸி கழுவுவது தனி. இத்தனையும் முடிந்த பிறகு, குழம்பு கூட்டிக் கொதிக்கவிட்டுத் தாளித்து இறக்கியது 12 நிமிஷம்தான். நம் சமையலில் நேரத்தைத் தின்பது அடுப்புக்கு முன்னால் நடக்கும் வேலை. வெளிநாட்டு வீடியோக்களில் முழுச் சாப்பாட்டையே உறையவைக்கிறார்கள். அவர்களுடைய ஸ்டூவும் சூப்பும் அதற்குத் தோதானவை. நமக்கு உறையவைக்க வேண்டியது உரித்ததும் நறுக்கியதும் வதக்கியதும் வேகவைத்ததும்தான். கடைசி 12 நிமிஷத்தை அன்றன்றைக்கே செய்துகொள்ளலாம். கடுகு வெடிக்கும் சத்தமும் பெருங்காய வாசனையும் வீட்டில் எழுந்துவிட்டால் அது புதுச் சாப்பாடு. அதை எந்த ஃப்ரீசராலும் வைத்துக் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் வேண்டியதில்லை.

இந்த ஒன்று பிடிபட்ட பிறகு எல்லாம் சுலபமாயிற்று. இப்போது என் ஞாயிறு காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து ஒரு மணிக்குள் முடிந்துவிடும்.

முதல் வேலை வெங்காயம் தக்காளி மசாலா. மூன்று கிலோ பெரிய வெங்காயம், இரண்டு கிலோ தக்காளி. மகன் உரிப்பான், நான் நறுக்குவேன். அடி கனத்த அகலமான வாணலியில் இரண்டு பாகமாகப் பிரித்து வதக்க வேண்டும். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டினால் வெங்காயம் வதங்காது, தன் தண்ணீரிலேயே வெந்து வெளிறிப்போகும். வெங்காயம் பொன்னிறம் தாண்டி லேசாகச் சிவக்கும்போது இஞ்சி பூண்டு விழுது, அதன் பச்சை வாசனை போனதும் தக்காளி, மஞ்சள்தூள். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும்வரை விடக் கூடாது. ஐந்து கிலோ சுண்டி இரண்டரைக் கிலோவுக்குக் கிட்டத்தட்ட வந்து நிற்கும். உப்பும் மிளகாய்த்தூளும் சேர்ப்பதில்லை. காரணம், ஒரே மசாலா ஒரு நாள் சன்னா மசாலா, ஒரு நாள் கோழிக் குழம்பு, ஒரு நாள் தக்காளி சாதம், ஒரு நாள் மகளுக்குக் காரமில்லாத பட்டாணிக் குருமா. உப்புக் காரத்தை அன்றைக்குப் போட்டால்தான் இத்தனைக்கும் வளையும்.

ஆறிய மசாலாவை 200 கிராம் வீதம் ஜிப்லாக் பைகளில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, கையால் தடவித் தடவி ஒரு விரல் கனத்துக்குத் தட்டையாக்குவேன். எவர்சில்வர் தட்டின் மேல் படுக்கவைத்து ஃப்ரீசரில் வைத்தால் மூன்று நாலு மணி நேரத்தில் சிலேட்டுப் பலகை மாதிரி கெட்டிப்பட்டுவிடும். பிறகு அவற்றைப் புத்தகம் போல நிறுத்தி அடுக்கலாம். டப்பாவில் போட்டு உறைந்த கட்டி உருக அரை நாள் ஆகும்; இந்தச் சிலேட்டைப் பையோடு தண்ணீரில் போட்டால் பத்து நிமிஷம் போதும். அவசரமென்றால் அப்படியே நாலாக உடைத்து வாணலியில் போடலாம். காற்றைப் பிதுக்குவதில் சோம்பல் படக் கூடாது. பைக்குள் காற்று இருந்தால் உணவின் மேற்புறத்து ஈரம் நேராக ஆவியாகி, அங்கங்கே வெளுத்து, வறண்டு, அட்டை மாதிரி ருசிக்கும்.

பையின் மேல் ஒட்டுவதற்கு மாஸ்கிங் டேப்பில் பெயரையும் தேதியையும் முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஈரப் பையில் மார்க்கர் எழுதாது. பிறகு எழுதலாம் என்று விட்டால், மூன்று வாரம் கழித்து அது புளிக்கரைசலா காரக்குழம்பா என்று பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

அடுத்தது பருப்பும் பயறும். ஃப்ரீசருக்கென்றே பிறந்தவை என்று இவற்றைச் சொல்வேன். துவரம்பருப்பைக் குழைய வேகவைத்து, கடைந்து, ஒரு வேளைக்கான அளவாகச் சின்ன டப்பாக்களில் போடுகிறேன். கொண்டைக்கடலை, ராஜ்மா, தட்டப்பயறு மூன்றையும் சனி ராத்திரி ஊறப்போட்டு ஞாயிறு காலை குக்கரில் ஏற்றிவிடலாம். ஒரு கிலோ கொண்டைக்கடலை வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். தண்ணீரை நன்றாக வடித்துத் தட்டில் பரப்பி உறையவைத்து, அப்புறம் பையில் அள்ளிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் வேண்டிய அளவு கைப்பிடியாக எடுக்க முடியும். எங்கள் வீட்டில் சுண்டல் என்பது முன்னெல்லாம் நவராத்திரிக்கு மட்டும். முந்தின நாள் ஊறப்போட மறந்துவிடுவதுதான் காரணம். இப்போது வாரம் இரண்டு நாள் மகள் ஸ்கூல் விட்டு வந்ததும் அம்மா உட்கார்ந்த வாக்கிலேயே அஞ்சு நிமிஷத்தில் தாளித்துத் தந்துவிடுகிறார். பக்கத்து பேக்கரி பப்ஸ் வீட்டுக்குள் வருவது நின்றதற்கு இந்த ஒரு டப்பாதான் காரணம்.

தேங்காய்த் துருவலையும் அப்படியே பரப்பி உறையவைத்துக்கொள்கிறேன். புளியைக் கெட்டியாகக் கரைத்து ஐஸ் ட்ரேயில் ஊற்றினால் ஒரு கட்டி ரசத்துக்கு, மூன்று கட்டி குழம்புக்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த ட்ரேயைப் புளிக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். இஞ்சி பூண்டு விழுது மூடி இறுகின கண்ணாடி டப்பாவில் இல்லையென்றால் பக்கத்திலிருக்கும் தேங்காயில் பூண்டு வாசனை ஏறிவிடும். அந்தத் தேங்காயில் பாயசம் வைத்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

இட்லியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாவு நாலாம் நாள் புளிக்க ஆரம்பிக்கும் முன்பே மிச்சம் முழுவதையும் இட்லியாக ஊற்றி, ஆறவைத்து, உறையவைத்துவிடுகிறேன். எடுத்து லேசாகத் தண்ணீர் தெளித்து இட்லிப் பானையில் எட்டு நிமிஷம் ஆவி காட்டினால், அன்றைக்கு ஊற்றிய இட்லிக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். நைட் ட்யூட்டி முடிந்து வரும் என் மனைவி இப்போது காலையில் சாப்பிடுவது பெரும்பாலும் இதைத்தான். அம்மா அரைத்து வைத்த பொடியும் நல்லெண்ணெயும் கூட. சப்பாத்தியை இரண்டு பக்கமும் இருபது இருபது நொடி மட்டும் வாட்டி, நடுவில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்கினால் அதுவும் தாங்கும். முழுக்கச் சுட்டு வைத்தால் வறட்டியாகிவிடும்.

கறியில் நான் செய்வது ஒன்றே ஒன்று. ஒன்றரைக் கிலோ ஆட்டுக்கறியை மஞ்சள், இஞ்சி பூண்டு, கொஞ்சம் உப்பு மட்டும் போட்டுக் குக்கரில் வேகவைத்து, அந்தச் சாறோடு சேர்த்து 300 கிராம் வீதம் பிரித்துவிடுவேன். சுக்காவோ குழம்போ பிரியாணியோ, எது வேண்டுமானாலும் அன்றைக்கு முடிவு செய்துகொள்ளலாம். கறி சாற்றிலேயே கிடப்பதால் வறண்டுபோகாது. ஒருமுறை கொஞ்சம் சாறு மிஞ்சியதைக் கண்ணாடி பாட்டிலில் வாய்வரை ஊற்றி வைத்தேன். காலையில் பாட்டில் இரண்டாகப் பிளந்திருந்தது. தண்ணீர் உறையும்போது பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பருமன் கூடும். எந்த டப்பாவாக இருந்தாலும் மேலே ஒரு அங்குலம் விட வேண்டும் என்பதை அன்றைக்குக் கற்றேன். கண்ணாடிச் சில்லுக்குப் பயந்து அந்த அடுக்கில் இருந்த எல்லாவற்றையும் கொட்டும்படி ஆனது. மீன் குழம்பென்றால் மீன் போடாமல் குழம்பை மட்டும் உறையவைப்பேன். கொதிக்கும் குழம்பில் அன்றைக்கு வாங்கிய மீனைப் போட்டால் எட்டு நிமிஷ வேலை. உறைந்து உருகிய மீன் குழம்பில் மீனைத் தேடத்தான் வேண்டும்.

உருளைக்கிழங்கு, தேங்காய்ப்பால், தயிர், முட்டை, வெள்ளரி, பூசணி இவை எதுவும் என் ஃப்ரீசருக்குள் போவதில்லை. எல்லாம் கடைசி 12 நிமிஷத்தில் சேர்க்க வேண்டியவை. ஃப்ரீசரே தேவைப்படாத பண்டங்களும் நம்மிடம் நிறைய உண்டு. புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு, தக்காளித் தொக்கு மூன்றுக்கும் புளிப்பும் உப்பும் எண்ணெயுமே காவல். சாதாரண ஃப்ரிட்ஜில் பத்து நாள் தாராளமாக இருக்கும். அவற்றை உறையவைத்து இடத்தை அடைப்பது வீண்.

சுத்தம், சூடு விஷயத்தில் என் மனைவி வைத்ததுதான் சட்டம். வயிற்றுப்போக்கோடு வார்டுக்கு வருகிறவர்களை வருஷக்கணக்காகப் பார்த்தவள். ஆரம்பத்தில் நான் பெரிய குக்கரோடு பருப்பை ஆறட்டும் என்று மேடையில் வைத்துவிட்டுத் தூங்கப் போவேன். அவள்தான் நிறுத்தினாள். "அஞ்சு டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் நடுவுல எவ்வளவு நேரம் நிக்குதோ அவ்வளவு நேரமும் கிருமி பெருகும்ங்க. மேல தொட்டா ஆறின மாதிரி இருக்கும், நடுவுல கதகதன்னு கிடக்கும்" என்றாள். இப்போது எதைச் செய்தாலும் உடனே அகலமான தாம்பாளங்களில் பரப்பி, ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்து, ஃபேனைப் போட்டுவிடுகிறேன். இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் உள்ளே போயாக வேண்டும். சூட்டோடு வைத்தால் பக்கத்தில் உறைந்திருப்பதும் இளகிவிடும் என்பதால் அதுவும் கூடாது. ஃப்ரீசர் கிருமியைக் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கிறது. வெளியே எடுத்ததும் விழித்துக்கொள்ளும். ஆகவே மேடையில் வைத்து உருகவிடுவது எங்கள் வீட்டில் கிடையாது. சென்னை மே மாதத்தில் அது விஷப் பரீட்சை. முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்ற வேண்டும், அல்லது பையோடு குளிர்ந்த தண்ணீரில் போட வேண்டும், அல்லது நேராக அடுப்புக்கு. சூடாக்கும்போது ஓரம் மட்டும் கொதித்தால் போதாது, நடுவிலும் தளதளவென்று கொதி வர வேண்டும். ஒருதடவை உருகியது திரும்பவும் உறையப் போகாது.

சோற்றை மட்டும் உறையவைக்க அவள் விடவே இல்லை. அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்றொரு கிருமி உண்டு. அதன் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வெளியே ஆறிக்கிடக்கும் சோற்றில் அது பெருகி நஞ்சைக் கக்கினால், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. வெந்ததும் சீக்கிரம் ஆறவைத்தால் சோற்றையும் உறையவைக்கலாம்தான். "குக்கர்ல பதினஞ்சு நிமிஷத்துல ஆகிற சோத்துக்கு எதுக்குங்க இந்த வம்பு?" என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் இருக்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை. முந்தின ஞாயிறுதான் நிரப்பியிருந்தேன். நிறைந்த ஃப்ரீசர், கதவைத் திறக்காமல் வைத்திருந்தால், 48 மணி நேரம் வரை தாங்கும். பாதி நிறைந்திருந்தால் அதில் பாதி. இது எனக்கு அப்போது தெரியாது. உருகிவிட்டதா உருகிவிட்டதா என்று முதல் நாளே பத்துத் தடவை திறந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் குளிரை நானே வெளியேற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் காலையில் கறிப் பைகளின் நடுவில் மட்டும் ஐஸ் மிஞ்சியிருந்தது. அம்மா ஒரு முடிவெடுத்தார். சிலிண்டரில் கேஸ் இருந்தது. ஐஸ் மிச்சமிருந்த அத்தனையையும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரே நாளில் சமைத்து, எங்கள் அபார்ட்மென்டின் எட்டு வீட்டுக்கும் கொடுத்தோம். இரண்டு நாளாக பிஸ்கட்டில் இருந்த தரைத்தளத்துக் குடும்பம் அன்றைக்கு எங்கள் ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டது. இளகிவிட்ட மீதியைக் கருப்புப் பையில் கட்டியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பதினைந்து நாள் உழைப்பு அது.

அந்த வருஷத்துக்குப் பிறகு என் ஃப்ரீசருக்கு ஒரு காலண்டர் வந்துவிட்டது. புரட்டாசியில் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. ஆவணி முடிவதற்குள் கறி அடுக்கைத் தீர்த்துவிடுவோம். புரட்டாசி முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வரைக்கும் ஒரு வாரச் சாப்பாட்டுக்கு மேல் சேர்ப்பதில்லை. காலி இடத்தில் முக்கால் வாசி தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்கள் படுத்திருக்கும். கரண்ட் போனால் அந்த ஐஸ்தான் மற்றதைக் காக்கும். தை பிறந்த பிறகுதான் திரும்ப முழுசாக நிரப்புவேன். ஃப்ரீசர் மூலையில் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து அதன் மேல் ஒரு ரூபாய்க் காசு வைத்திருக்கிறேன். நாங்கள் ஊரில் இல்லாதபோது கரண்ட் போய் வந்திருந்தால் காசு காட்டிக்கொடுத்துவிடும். மேலேயே இருந்தால் பயமில்லை. அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் செய்யலாமா என்று அலுவலகத்தில் கேட்பார்கள். செய்யலாம், ஆனால் உள்ளே இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியை நம்பி மாதக்கணக்கில் வைக்க வேண்டாம். மைனஸ் 18 டிகிரி நிலையாக நின்றால்தான் அது நெடுநாள் ஃப்ரீசர். சின்னப் பெட்டிக்குப் புளி, தேங்காய், ஒரு வார மசாலா போதும். அந்த மூன்று மட்டுமே, வார நாட்களில் தினம் அரை மணி நேரத்தைத் திருப்பித் தரும்.

அம்மா எப்போது மாறினார் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. புயலுக்குப் பிறகாக இருக்கலாம். மார்க்கரில் எழுதியது கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் தானாகவே ரப்பர் பேண்ட் போட ஆரம்பித்தார். கவிச்சிக்குச் சிவப்பு, மகளுக்கான காரமில்லாததற்கு மஞ்சள், முதலில் தீர்க்க வேண்டியதற்கு இரண்டு பேண்ட். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஸ்டூலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பது அவர்தான். உரித்துக்கொண்டே, அவர் மாமியார் வீட்டில் சித்திரை வெயிலில் ஒரு வருஷத்துக்கு வேண்டிய கறிவடகமும் மோர்மிளகாயும் மாவடுவும் போட்டு ஜாடி ஜாடியாக அடுக்கிய கதையைச் சொல்வார். ஜாடி மேல் யாரும் தேதி எழுதவில்லையாம். எந்த ஜாடி எப்போது போட்டது என்று மாமியாருக்கு மட்டும்தான் தெரியும், கேட்டால் கோபம் வருமாம்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலையில் நான் ஆபீஸில் மாட்டிக்கொண்டேன். மனைவிக்கு மதிய ட்யூட்டி. அம்மாவுக்குக் காலையிலிருந்து காய்ச்சல். பதினொன்றாவது படிக்கும் மகன் டியூஷனிலிருந்து வந்து, தங்கையையும் வைத்துக்கொண்டு, பருப்பு டப்பா ஒன்று, புளிக்கட்டி மூன்று, மசாலா சிலேட்டில் பாதி எடுத்திருக்கிறான். சாம்பார் பொடி எத்தனை ஸ்பூன் என்று கேட்டு எனக்கு ஒரு போன் வந்தது, அவ்வளவுதான். ஒன்பது மணிக்கு நான் கதவைத் திறந்தபோது வீடு முழுக்கப் பெருங்காய வாசனை. அம்மா கட்டிலில் சாய்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, குழைந்த சோற்றில் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கரண்டியோடு நின்றவனை நிமிர்ந்து பார்த்து வழக்கம்போலக் கேட்டார்.

"எப்படா வச்சது இது?"

"இப்பத்தான் அப்பாயி தாளிச்சேன்" என்றான்.